அநாமதேயக் கலைஞர்

தம் கையால் செய்த சிறு கலைப்பொருளை, முன்பின் அறியாத யாரோ ஒருவர் கண்டெடுத்து மகிழும்படி பொது இடத்தில் வைத்துவிட்டு, பெயரைச் சொல்லாமல் நழுவிப்போகும் அன்பர்கள் இக்காலத்தில் பல தேசங்களிலும் பெருகிவருகிறார்கள். 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் மேகன் மர்ஃபி என்ற மாது கூழாங்கற்களில் ஆறுதல் வாசகங்களை எழுதிப் போடத் தொடங்கினார். அந்த ஆசை மலேசியாவிலுள்ள ஜெஞ்சாரோமுக்கும் வந்து சேர்ந்தது, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற நம் அன்பர் ஒருவரின் உருவத்தில்.

ஜெஞ்சாரோம் இதற்கு ஏற்ற ஊர்தானா என்றால், பதில் சொல்வது கடினம். சீனப் புத்தாண்டுக் காலத்தில் தோங் ஸென் பௌத்த ஆலயத்தில் ஆயிரக்கணக்கான விளக்குகள் ஒளிர, அதைக் காண ஜனங்கள் திரள்வது வழக்கமாதலால், அழகை ரசிக்கத் தெரியாத ஊர் என்று சொல்வதற்கில்லை, ஆனால் 2018ஆம் ஆண்டில் அயல்தேசத்துப் பிளாஸ்டிக் கழிவுக்குச் சீனா கதவை அடைத்தவுடன், அதில் ஒரு பகுதி கப்பலேறி இங்கே வந்து, அநுமதியற்ற ஆலைகளில் எரிந்து புகைந்து ஊராரின் மூச்சை முட்டவைத்தமையால், கேட்பாரற்றுக் கிடக்கும் எதைக் கண்டாலும், “இதை யார் கொண்டாந்து போட்டது?” என்று விசாரிக்கும் சுபாவம் அவர்களுக்கு உண்டாகிவிட்டது.

நம் அன்பர் இதற்கெல்லாம் அஞ்சுகிறவரல்லர். கடலை அடுத்த இந்த மண்சமவெளியில் நல்ல கூழாங்கல் அகப்படாதபடியால், பூச்செடிக் கடையில் வெள்ளி கொடுத்து வாங்கி, இரவு கண்விழித்து மீன்கொத்தி, மைனா, இருவாட்சி முதலிய பட்சிகளை எழுதி, அடியில் நாலிலக்க வரிசை எண்ணும் இடுகிறார். ஐம்பது கல்லைத் தாண்டாதவருக்கு நாலிலக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் அவருடைய முன்யோசனையை அறியாதவர்கள்.

விடியற்காலையில் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சியில் கல்லை வைத்து, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, யாருமே பார்க்கவில்லையே என்று சற்று வருந்தி, எதிரே உள்ள மாமாக் உணவகத்தில் தே தாரிக் என்னும் தேநீரும் கையுமாகக் காவலிருப்பார். பிரதிபலன் கருதாத தானம் என்பது அவர் சித்தாந்தம். எடுப்பவர் முகத்தில் உதிக்கும் புன்னகையை மட்டும் அவர் பிரதிபலனில் சேர்ப்பதில்லை. புன்னகை தாமதமானால் அருகில் சென்று, “அடடா, யாரோ எவ்வளவு அழகா வரைஞ்சிருக்காங்க!” என்று வியப்பதும் உண்டு. தம்மை யாரும் சந்தேகிக்காமல் போய்விடக்கூடாதே என்று, கல் வைக்கும் நாளில் நகக்கண்ணில் ஒட்டிய வர்ணத்தை அவர் கழுவுவதில்லை.

அவர் வீட்டம்மாளோ, வாசலில் அரிசிமாக் கோலமிட்டு, யார் மிதித்தார், எந்த எறும்பு தின்றது என்று திரும்பிப் பாராமல் அடுப்படிக்குப் போய்விடுகிறார். அதைக் கலை என்று எண்ணும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

ஒரு நாள் செம்பனைத் தோட்டத்து முதியவர் ஒருவர் கல்லை எடுத்தார். மீன்கொத்தியைக் கண்ணாலும் பாராமல் புரட்டி, அடியிலிருந்த எண்ணை உரக்கப் படித்து, முகம் மலர்ந்தார். நம்மவர் ஓடிச்சென்று, “பறவை எப்படிங்கய்யா?” என்றார்.

“பறவை கெடக்குது தம்பி. சாமியே பாத்து நாலு நம்பர் குடுத்திருக்கு!” என்று சொல்லிவிட்டு, நாலிலக்க லாட்டரி எழுதும் நம்பர் கடைப்பக்கம் அவர் நடந்தார்.

அந்த எண்ணுக்கு ஆறுதல் பரிசு விழுந்ததாக ஒரு வதந்தி கிளம்பியது முதல், வைத்த கல் வைத்த இடத்தில் நிற்பதில்லை. வைப்பவர் யார் என்று கடைதோறும் விசாரணை நடக்கிறது. இத்தனை காலம் ஏங்கிய கேள்வி காதில் விழுந்தும், நான்தான் என்றால் அடுத்த நம்பர் கேட்டு ஊரே வாசலில் நிற்குமே என்று அஞ்சி, இப்பொழுதெல்லாம் அவர் நகக்கண்ணை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே தேநீருக்குப் புறப்படுகிறார்.