இருபதாயிரம் ரூபாய் லாபம்

நான் லாபம் பார்த்த ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டில் மாதக் கடைசி பத்து நாள் முன்னதாகவே வந்துவிடும் என்பாள் என் மனைவி. கணக்கு நோட்டு அவளிடம் இருப்பதால் மறுத்துப் பேச எனக்கு வழியில்லை. 2020-இல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, எல்லை தாண்டிப் போய் ஒரு பழைய கார் வாங்கி வந்தேன். அந்த நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் உண்டு. முதல் வரி என் கையெழுத்து: ‘லாபம் ரூ. 20,000.’ அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அவள் கையெழுத்து.

ஐம்பத்திரண்டு வயது வரை கார் இல்லாமல் நிம்மதியாக வாழ்ந்தவன் நான். மார்ச் 25-ஆம் தேதி, யாரும் எங்கும் போகக்கூடாது என்று அரசாங்கம் சொன்ன பிறகுதான், போவதற்கு என்னிடம் கார் இல்லையே என்ற குறை தெரிந்தது. பஸ் இல்லை, மின்சார ரயில் இல்லை. நாளைக்கே அவை ஓடினாலும் பக்கத்து சீட்டுக்காரர் இருமுவார். ஆக, கார். இதே யோசனை சென்னையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்ததால், பழைய கார் விற்பவர்கள் போனில் பேசும் குரலே மாறிவிட்டது. 2013 மாடல் வேகன் ஆருக்கு ஒருவர் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் சொன்னார். குறைத்துக் கேட்டதற்கு, “நல்லா யோசிச்சுட்டு வாங்க சார்” என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் என் மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அதே மாடல், அதே வருஷம், அதே வெள்ளை. விலை இரண்டு நாற்பது. ஒரே ஒரு வித்தியாசம், நம்பர் பிளேட்டில் பிஒய்-01 என்று இருந்தது. புதுச்சேரி வண்டி. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவருடையது. அந்த ஊரில் அப்படிப்பட்டவர்களை ‘சொல்தா’ என்பார்கள். விமானம் விட்டதும் பாரிஸில் இருக்கும் மகளிடம் போகப்போகிறாராம்.

“பாண்டியில ரோட் டாக்ஸ் கம்மி மாமா. அதான் வண்டியும் கம்மி” என்றான் மச்சினன். அந்த டாக்ஸ் வித்தியாசம் நாளைக்கு எங்கே போய் நிற்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை எழுத வேண்டியிருந்திருக்காது. நான் யோசிக்கவில்லை. நோட்டை எடுத்து முதல் வரியை எழுதினேன்.

குறுக்கே இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று இ-பாஸ், இன்னொன்று ஆடி மாதம்.

இ-பாஸ் அப்போது கல்யாணம், மருத்துவம், சாவு என்ற மூன்றுக்குத்தான் மசியும். உண்மை பேசியே பழகிய நான், காரணம் என்ற இடத்தில் ‘கார் வாங்க’ என்று எழுதினேன். காபி ஆறுவதற்குள் நிராகரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தகவலும் அந்த விண்ணப்பத்தால்தான் தெரிந்தது. குரோம்பேட்டையில் இருக்கும் நான் சென்னைவாசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். முந்தைய நவம்பரில் பிறந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் பிரஜை நான் என்பதை அந்த இணையதளம்தான் எனக்கு எடுத்துச் சொன்னது.

“யாராவது போனாத்தான் சார் பாஸ் கிடைக்கும்” என்றார் ஆபீஸ் நண்பர். புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூரில் எனக்கு ஒரு தூரத்துப் பெரியப்பா உண்டு. வயது எண்பத்து நான்கு. பத்து வருஷமாகப் பேசாதவன், போன் போட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். மனிதர் மாடிப்படி ஏறி மொட்டை மாடியில் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். “ஊரே அவனவன் உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கான். நீ ஒருத்தன்தாம்ப்பா என்னை நெனச்சுப் பாத்தே” என்று குரல் தழுதழுத்தார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவரே கூப்பிட்டு என் உடம்பை விசாரிக்கிறார்.

ஆடிக்கோ விண்ணப்பமே கிடையாது. “ஆடியில வண்டி வாங்கினா, வாங்கினவரைத்தான் வண்டியில ஏத்தணும்” என்று மனைவி சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை. ஆவணி பிறந்தது. ஆதார் அல்லது ரேஷன் கார்டு எண்ணோடு போன் நம்பர் கொடுத்தால் எல்லாருக்கும் உடனடி இ-பாஸ் என்று அரசு அறிவித்ததும் அதே நாளிலிருந்துதான். பஞ்சாங்கமும் அரசாங்கமும் சொல்லிவைத்ததுபோல் ஒரே நாளில் வழிவிட்டன. நான் சும்மா இருக்க முடியுமா?

விண்ணப்பத்தில் ‘வாகன எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கார் இல்லாததால்தானே ஐயா கார் வாங்கப் போகிறேன்! கடைசியில், கார் வாங்கப் போவதற்காக ஒரு டாக்ஸி பேசினோம்.

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று சொன்னால் தமிழ்நாட்டில் ஒரு புருவம் உயரும். எதிர் வீட்டுக்காரருக்கு இரண்டும் உயர்ந்தன. “அந்த விஷயமா?” என்று சைகையில் கேட்டார். நான் நிதானமாக விளக்கினேன்: மே 25-இல் புதுச்சேரியில் மதுக்கடைகளைத் திறந்தபோதே கொரோனா வரி போட்டு, விலையைத் தமிழ்நாட்டுக்குச் சமமாக ஏற்றிவிட்டார்கள், அதனால் அங்கே போய் வாங்குவதில் பைசா மிச்சமில்லை, போதாக்குறைக்கு, ஆகஸ்ட் 18-ஆம் தேதி சென்னையிலேயே டாஸ்மாக் திறந்துவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லா விசாரிச்சு வெச்சிருக்கீங்க” என்றார்.

வியாழக்கிழமை காலை எமகண்டம் கழிந்து ஏழரைக்குமேல் கிளம்பினோம். தொழில்நுட்ப ஆலோசகராக மச்சினன். கார் பற்றிய அவனுடைய ஞானம், டயரைக் காலால் உதைப்பதில் தொடங்கி, ஆயில் குச்சியை முகர்ந்து பார்ப்பதில் முடியும். டாக்ஸி டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். மார்ச்சுக்குப் பிறகு இதுதான் முதல் வெளியூர் சவாரியாம். “வண்டி எப்படி ஓடுது சார்?” என்றார் உத்தண்டி டோல்கேட்டில். “ஏசி பாருங்க சார், சும்மா ஜிலுஜிலுன்னு” என்றார் மாமல்லபுரத்தில். “ஒரே கை ஓட்டின வண்டி சார்” என்றார் மரக்காணத்தில். இந்தப் பிள்ளைக்குத் தன் வண்டிமேல் எவ்வளவு பெருமை என்று நினைத்துக்கொண்டேன். இருபதாயிரத்தை என்னென்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல நேரமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். புதுச்சேரி ஒரு தடவையில் வந்துவிடாது. கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி வரும். சிவப்புத் தொப்பி போலீஸ்காரரைப் பார்த்து நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். காலாப்பட்டு தாண்டியதும் புதுச்சேரி முடிந்து, பொம்மையார்பாளையத்தில் மறுபடி தமிழ்நாடு. கோட்டக்குப்பமும் தமிழ்நாடு. அடுத்த தெரு முத்தியால்பேட்டை, மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்த ஊர்கள் இவை. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். துண்டுகள் துண்டுகளாகவே இருக்கின்றன. சாதாரண நாளில் இது யாருக்கும் உறைக்காது. கொரோனா காலத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தடுப்பு, ஒவ்வொரு தடுப்பிலும் நெற்றிக்கு நேரே ஒரு வெப்பமானி.

முதல் இடத்தில் என் உஷ்ணம் 93 டிகிரி ஃபாரன்ஹீட். அந்தக் கருவியின் கணக்குப்படி நான் பாதிப் பிணம். “நார்மல், போங்க” என்றார்கள். அடுத்த இடத்தில் 95. மூன்றாவது இடத்தில் 97.4. இன்னும் இரண்டு எல்லை இருந்திருந்தால் எனக்குக் காய்ச்சலே வந்திருக்கும்.

சொல்தா பெரியவர் வாசலிலேயே நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்துவரை பொத்தான். “பொன்ழூர் தம்பி” என்று இரண்டு மீட்டர் தள்ளி நின்று வணங்கினார். கார் மணமேடைக்குப் போகும் பெண்போலத் துலங்கியது. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. மார்ச்சிலிருந்து நின்றதில் பேட்டரி செத்துப்போயிருந்தது. மச்சினன் டயரை உதைத்தான், பயனில்லை. நானும் அவனும் முகக்கவசத்தோடு முத்தியால்பேட்டைத் தெருவில் அரை பர்லாங் தள்ளினோம். பிறகு டாக்ஸி டிரைவர் தன் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு உயிர் கொடுத்தார். “பேட்டரி போன மாசம்தான் சார் புதுசா போட்டேன்” என்றார். இதிலும் என்ன பெருமை பாருங்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்து ஃபாரங்கள். பெயர் மாற்ற 29, 30. வேறு மாநிலம் கொண்டுபோக ஆட்சேபணை இல்லை என்று சொல்லும் 28. இந்த 28-இல் சேஸிஸ் எண்ணைப் பென்சிலால் அச்சு எடுத்து ஒட்ட வேண்டும். சின்ன வயதில் காலணாவின்மேல் காகிதம் வைத்துத் தேய்ப்போமே, அதேதான். அதை ஐம்பத்திரண்டு வயதில், முதுகு பிடிப்போடு, காருக்குள் தலையை நுழைத்துச் செய்தேன். மூன்று பென்சில் முனைகள் உடைந்தன. நான்கு பிரதி எடுத்து வெளியே வந்தபோது மணி ஒன்று நாற்பது. ராகுகாலம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

மூன்று மணிவரை உட்கார்ந்தோம். டாக்ஸிக்கு வெயிட்டிங் சார்ஜ் மணிக்கு இருநூறு. கிளம்பும்போது பெரியவர், பாரிஸிலிருந்து மகள் அனுப்பியது என்று ஒரு ஆலிவ் எண்ணெய் பாட்டிலைத் தந்தார். பச்சைக் கண்ணாடி, பிரெஞ்சு எழுத்து. “சாலட்டுக்கு ஊத்திச் சாப்பிடுங்க தம்பி” என்றார். நெகிழ்ந்துபோய் டிக்கியில் வைத்தேன்.

முதலாளி நானே ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். என் லைசென்ஸ் மார்ச்சிலேயே காலாவதி. ஆனால் பிப்ரவரி முதல் தேதிக்குப் பின் காலாவதியான வாகன ஆவணங்கள் செப்டம்பர் 30 வரை செல்லும் என்று மத்திய அரசு கருணை காட்டியிருந்தது. லைசென்ஸைத்தான் நீட்டித்தார்கள், ஓட்டத் தெரிவதை நீட்டிக்க அவர்களால் முடியவில்லை. கோட்டக்குப்பம் தடுப்பில் சரியாக வண்டி அணைந்தது. பின்னால், திரும்பும் வாடகையும் நானே கொடுத்த டாக்ஸி காலியாக வந்து நின்றது. உலகத்திலேயே ஒரே நேரத்தில் இரண்டு கார்களில் வீடு திரும்பிய குமாஸ்தா நான்தான்.

டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, பச்சை பாட்டில்.

“என்ன சார் இது?”

“ஆலிவ் எண்ணெய் சார்.”

“எல்லாரும் ஏதாவது ஒரு எண்ணெய்தான் சொல்றாங்க.”

திறந்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தை என்னால் மறக்க முடியாது. “தலைக்குத் தேய்க்கிறதா?” என்றார். ஆமாம் என்றேன், சாலட் என்று சொன்னால் கதை நீளும். அடுத்தது காலாப்பட்டுத் துண்டு. அதைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் இரண்டாம் முறை நுழைந்தபோது அங்கேயும் வண்டி அணைந்தது, அங்கேயும் டிக்கி, அங்கேயும் ஒரு சொட்டு. “கிளட்ச்சை மெதுவா விடுங்க ஐயா” என்று ஓர் இளம் கான்ஸ்டபிள் ஜன்னலருகே நின்று பாடம் எடுத்தார். அதன் பிறகு மச்சினன் ஓட்டினான்.

குரோம்பேட்டை வந்து டாக்ஸிக்குப் பணம் கொடுத்தபோது டிரைவர் தலையைச் சொறிந்தார். “தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்த வண்டியைக் கொடுத்துடலாம்னு ரெண்டு மாசமா ஆள் தேடிட்டிருக்கேன். சவாரி இல்ல. டியூ கட்டாம தள்ளிப்போட்டதும் இந்த மாசத்தோட முடியுது. ரெண்டே கால்னா கொடுத்துருவேன். மஞ்சள் போர்டை வெள்ளையா மாத்தித் தர்றது என் பொறுப்பு. காலையிலேர்ந்து சொல்லத்தான் பாத்தேன், நீங்க கணக்குப் போட்டுட்டிருந்தீங்க.”

“வீடு எங்கே தம்பி?”

“பம்மல் சார்.”

எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. எண் வேண்டுமானால் ஆயுள் வரி கட்ட வேண்டும். பாண்டியில் மிச்சமான டாக்ஸ் என்னைத் தேடி குரோம்பேட்டைக்கே வந்தது. ஆயுள் வரி 31,000. டாக்ஸி, டோல், ராகுகாலம் சேர்த்து 4,600. புது பேட்டரி 4,200. புரோக்கருக்கு 3,000. ஆக 42,800. லாபம் இருபதாயிரத்தைக் கழித்தால் நஷ்டம் 22,800. செப்டம்பர் 1-ஆம் தேதி மாவட்டம்விட்டு மாவட்டம் போக இ-பாஸே வேண்டாம் என்றார்கள். 7-ஆம் தேதி வெளியூர் பஸ் ஓடத் தொடங்கியது. கார் இன்றுவரை அதிகபட்சம் போன தூரம் குன்றத்தூர் முருகன் கோயில். அதுவும் மச்சினன் ஊரில் இருந்தால்தான்.

நோட்டின் அந்தப் பக்கத்தில், கூட்டிக் கழித்துக் கோடு போட்ட பிறகு, கடைசி வரியில் மனைவி தொகை எதுவும் இல்லாமல் ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறாள்: ‘பம்மல்.’

விலை குறைவென்று எல்லை தாண்டிக் கிளம்பும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தாராளமாகப் போய் வாருங்கள். போகும் வழியில், வண்டி ஓட்டுகிற பிள்ளை ஏதாவது சொன்னால், கணக்கை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் காது கொடுங்கள்.