கூட வாற அண்ணாச்சி

தூத்துக்குடியில் பழைய கார் வாங்கப் போகிறவர் தனியாகப் போவதில்லை. ஆல்டோ என்றால் துணைக்கு மச்சினன் போதும். பென்ஸ், ஆடி, பி.எம்.டபிள்யூ என்று பேச்சு ஏறிவிட்டால் ஆள் வேறு. "எதுக்கும் அண்ணாச்சிய ஒரு எட்டு கூட்டிட்டுப் போயிரு" என்று நாலு பேர் சொல்வார்கள். எந்த அண்ணாச்சி என்று யாரும் கேட்பதில்லை. பிரையண்ட் நகரில் ஒருவர், மில்லர்புரத்தில் ஒருவர், மூன்றாம் மைல் பக்கம் ஒருவர் என்று ஏரியாவுக்கு ஒருவராவது இருக்கத்தான் செய்கிறார்.

அவர் மெக்கானிக் இல்லை. புரோக்கர் என்று சொல்லிப் பாருங்கள், அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது. துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பாதி ஆயுளைக் கழித்தவராக இருக்கலாம், உப்பளத்துக்கு லாரி விட்டு நொடித்தவராக இருக்கலாம், துபாயில் அரபிக்கு வண்டி ஓட்டியவராகவும் இருக்கலாம். இந்த மூன்றாவது ரகத்துக்கு மவுசு அதிகம். சொந்தக் கார் கிடையாது. ஏன் என்று கேட்டால், "நல்ல வண்டி இன்னும் கண்ணுல படலையே தம்பி" என்பார்.

உப்பள முதலாளி ஒருவர் தன் 2013 மாடல் 520டி-யை விற்கிறார் என்று கேள்விப்பட்டு நண்பர் கிளம்பினார். அண்ணாச்சி முன் சீட்டில். நான் வேடிக்கை பார்க்கிற ஆசையில் பின்னால் தொற்றிக்கொண்டேன். காலை ஆறரை மணிக்கே போய் நிற்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் உத்தரவு. வீட்டுக்காரருக்கு வணக்கம் வைப்பதற்கு முன்னால் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. சூடாக இருந்தால் நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணிப் பதம் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிக் கிடக்கிற எஞ்சின்தான் பொய் சொல்லாது. இது நிஜமாகவே நல்ல விதி. அண்ணாச்சியிடம் இப்படி நாலைந்து நல்ல விதிகள் உண்டு. மீதியெல்லாம் தொண்டையைக் கனைப்பதும் "ம்ம்" போடுவதும்தான்.

காபி வந்தது. அண்ணாச்சி தொடவில்லை. குடித்துவிட்டால் அப்புறம் ஐம்பதாயிரம் குறைத்துக் கேட்க நாக்கு கூசுமாம்.

பிறகு சட்டைப் பையிலிருந்து காந்தம் வந்தது. பெயிண்டில் கீறல் விழாமலிருக்கக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். அடிபட்டு நசுங்கிய இடத்தில் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால் அங்கே காந்தம் ஒட்டாது, விழுந்துவிடும். பானெட்டில் வைத்தார், விழுந்தது. முன் கதவில் வைத்தார், விழுந்தது. பின் கதவிலும் விழுந்தது. அண்ணாச்சி நண்பரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு துக்க வீட்டுச் சாயல் இருந்தது. "தம்பி, வண்டி முழுக்க பட்டிதான்."

வீட்டுக்காரர் பதறவில்லை. "அண்ணாச்சி, இந்த மாடல்ல பானெட்டும் கதவும் அலுமினியம். காந்தம் எப்படி ஒட்டும்?"

ஒரு நொடிகூட ஆகவில்லை. "அலுமினியம்னு எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன்" என்று காந்தத்தைக் கைக்குட்டையில் மடித்து உள்ளே வைத்தார். பெயிண்ட் எத்தனை மைக்ரான் என்று அளந்து சொல்கிற கையடக்க மீட்டர் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது, அலுமினியத்தையும் அளக்கிற ரகமே இருக்கிறது. சொல்லிப் பார்த்தேன். அதெல்லாம் பேட்டரியில் ஓடுகிற சாமான் என்று ஒதுக்கிவிட்டார்.

வீட்டுக்காரர் வண்டியின் பெருமையை ஆரம்பித்தார். வண்டியை வெளியே எடுப்பதே இல்லையாம். திருச்செந்தூர் கோயிலுக்குப் போய்வருவதோடு சரியாம். அண்ணாச்சி மீட்டரை எட்டிப் பார்த்தார். 84,000 கிலோமீட்டர். "போக நாப்பது, வர நாப்பது. ஆயிரம் தடவைக்கு மேல தரிசனம் பண்ணியிருக்கிய. முருகன் ஒங்கள பேர் சொல்லியே கூப்பிடுவாரே!" என்றார். பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இதைச் சொன்னதுதான் அழகு. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணையும் வாசித்துக் காட்டினார். 3519 என்றால் 2019-இன் முப்பத்தைந்தாவது வாரத்தில் செய்த டயர். போன வருடம் மாற்றியது என்று வீட்டுக்காரர் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததற்காகத்தான் அவரை மதிக்கிறேன். உப்பும் தண்ணீரும் இரும்பை என்ன செய்யும் என்பதில் தூத்துக்குடி அண்ணாச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. கடல் காற்று ஒரு பக்கம், உப்பளக் காற்று மறுபக்கம். போதாக்குறைக்கு 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை, தூத்துக்குடித் தெருக்களில் படகு. அதற்குப் பிறகு விலைக்கு வருகிற எந்த வண்டியின் சொந்தக்காரரும் அந்த வாரம் ஊரில் இருந்ததில்லை. குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தார்கள், வண்டியும் போயிருந்தது. அதற்கு முன்னால் 2015 சென்னை வெள்ளத்தில் முழுகி, இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் தள்ளிவிட்ட வண்டிகள் எங்கெங்கோ போய்ப் புதுப் பெயிண்டோடு குடும்பம் நடத்தின கதையும் அண்ணாச்சிக்குத் தெரியும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். வெளியே தெரிகிற இரண்டு முழத்தை எல்லோரும் துடைத்துவிடுவார்கள். சுருளுக்குள் கிடக்கிற கடைசி முழத்தை ஒருவரும் துடைப்பதில்லை, சேறு அங்கேதான் கோடு போட்டிருக்கும். கோடு இல்லை. டிக்கி விரிப்பைத் தூக்கிக் குழிக்குள் பேனா டார்ச் அடித்தார். தினத்தந்தியை விரித்து, வேட்டியை மடித்துக் கட்டி, வண்டிக்கு அடியில் பாதி உடம்பு மறைய நுழைந்தார். கடைசியாக டிரைவர் சீட் நகர்கிற கம்பியில் விரலை ஓட்டி, ஒட்டிய வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்தார்.

"கரிக்குது. இது மழைத் தண்ணி இல்ல."

"உப்பளத்துலருந்து அப்படியே செருப்போட வந்து ஏறுவேன் அண்ணாச்சி" என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப அந்தச் செருப்புக்கு ஒரு பத்தாயிரம் கொறைங்க."

துறைமுகச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் உப்புக் குவியல், முன்னால் கண்டெய்னர் லாரி. அண்ணாச்சி ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டார். இந்த டீசல் எஞ்சினில் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அதில் கை வைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் எஞ்சினையே இறக்கியாக வேண்டும், செலவு லட்சத்தில் போகும். ஆகவே சத்தத்தைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சத்தத்தை எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, பானெட்டைத் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். லாரிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் லாரிதான் கேட்கும். நண்பர் மட்டும் அண்ணாச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். புருவம் சுருங்கினால் இவர் வயிறு கலங்கியது. புருவம் விரிந்தபோது இவர் ஒரு கியர் கூட்டினார்.

உள்ளே இருப்பது தெரியாமல் வாங்குவது இந்தக் கரைக்குப் புதிதில்லை. முத்துக்குளிக்கிற சலாபத்தில் சிப்பியைத் திறக்காமலேதான் ஏலம் விட்டார்கள், ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று. உள்ளே ஆணிமுத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது வாங்கினவன் தலையெழுத்து. குளிக்கிறவனுக்கோ சுறா பயம். அதற்கென்று கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். 13-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ அவருடைய கூலியையே எழுதிவைத்திருக்கிறார்: ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு, மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கு. கட்டு பகலுக்கு மட்டும்தான், ராத்திரி அவிழ்த்துவிடுவார் என்றும் எழுதியிருக்கிறார். பின்னால் வந்த ஆங்கிலேயருக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கூலி கொடுத்து வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் கடல்கட்டி கரையில் நிற்காமல் ஒருவனும் தண்ணீரில் இறங்க மாட்டான். 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடல்கட்டிக்கு வேலை போய்விட்டது என்று நினைத்தேன். முன் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் அந்த எண்ணம் போயிற்று.

பேப்பர் விஷயத்தில் அண்ணாச்சி தலையிடுவதில்லை. ஆர்.சி. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதே கம்பீரத்தோடு பிடிப்பார். பேங்க் கடன் முடிந்து ஹெச்.பி. நீக்கியாயிற்றா, அபராதம் ஏதாவது பாக்கி நிற்கிறதா என்பதையெல்லாம் நண்பரின் மகள் வீட்டிலிருந்தே போனில் பரிவாகன் தளத்தில் பார்த்துச் சொல்லிவிட்டாள். உண்மையில் அன்று நடந்த ஒரே முழுமையான சோதனை அதுதான். அதற்கு அவளுக்குப் பரோட்டாகூடக் கிடைக்கவில்லை.

அண்ணாச்சிக்குக் கிடைத்தது. சம்பளம் வாங்குவது அவருக்குக் கேவலம். விலை படிந்த அன்று ராத்திரி நைட் கிளப்பில் உட்கார வைத்துவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் மிரள வேண்டாம், எங்கள் ஊரில் நைட் கிளப் என்றால் ராத்திரிப் பரோட்டாக் கடை. இரண்டாவது செட்டுக்குச் சால்னா ஊற்றும்போதுதான் தீர்ப்பு வந்தது. "வண்டி வண்டிதான் தம்பி. எடுக்கலாம். ஆனா..." என்று நிறுத்தி, கோழிக் காலைக் கடித்தார். நண்பர் "எடுக்கலாம்" வரைக்கும் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு மக்ரூன் வாங்க எழுந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்து டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. நண்பர் அவசரமாக அண்ணாச்சிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"நான்தான் அன்னைக்கே 'ஆனா'ன்னு சொன்னேனே தம்பி. நீங்க மக்ரூன் வாங்கப் போயிட்டிய" என்றது போன்.