மரணக் காரணம்: யானை

கோவையை அடுத்த தொண்டாமுத்தூர்ப் பக்கம் யாராவது யானை மிதித்துச் செத்தால் மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி வரும். ஊரும் வயதும்தான் மாறும், மற்றதெல்லாம் அச்சுக்கோத்து வைத்ததுபோல அப்படியே இருக்கும். அதிகாலையில் வீட்டைவிட்டு வெளியே வந்தார், இருட்டில் நின்ற யானையைக் கவனிக்கவில்லை, தும்பிக்கையால் தூக்கி வீசியது, உடல் பிரேதப் பரிசோதனைக்காகக் கோவை அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கப்பட்டது. வனத்துறை நிவாரணத்தில் ஒரு பகுதியை உடனே கொடுக்கும். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி, இருட்டில் தனியாக நடமாட வேண்டாம் என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். கோப்பு முடிந்தது.

விடியுமுன்னே ஓர் ஆத்தா தனியாக எதற்கு வெளியே போனார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. 2019 அக்டோபர் 2ஆம் தேதி பிரதமர் சபர்மதிக் கரையில் நின்று, கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளியில் மலம் கழிக்கும் வழக்கம் ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார். எனவே ஆத்தா வெளிக்குப் போயிருக்கவே முடியாது. வாக்கிங் போயிருப்பார். டாக்டர்களும் தினமும் நடக்கத்தானே சொல்கிறார்கள்!

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் டாக்டர் நிரப்பவேண்டிய ஒரு தாள் உண்டு. படிவம் 4 என்பார்கள். அதைத் தயாரித்தவர் நல்ல விவரமான ஆள். மரணத்துக்கு உடனடிக் காரணம் என்ன என்று கேட்டதோடு விடவில்லை. அது எதனால் வந்தது, அது வேறு எதனால் வந்தது என்று படிப்படியாகக் கீழே இறங்கிக் கேட்கிறார். உடலுக்குள் மட்டும் இறங்கும்வரை அந்தக் கேள்விகளால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆத்தாவுக்காக ஒருமுறை அதை வெளியே இழுத்து நிரப்பிப் பார்ப்போம். உடனடிக் காரணம்: நெஞ்செலும்பு முறிவு. அது எதனால்? யானையால். யானைக்கு எதிரே ஏன் போனார்? வீட்டில் கழிப்பறை இல்லை, அல்லது கழிப்பறை இருக்கிறது, அதற்குள் விறகு இருக்கிறது. ஏன்? தண்ணீர் வராத கழிப்பறையில் வேறு எதை வைப்பார்கள்? தண்ணீர் ஏன் வரவில்லை? வீட்டுக்குப் பட்டா இல்லை. பட்டா ஏன் இல்லை? இந்த இடத்தில் தாள் தீர்ந்துவிடுகிறது. வருவாய்த்துறையைக் கேட்டால் அது வனத்துறை நிலம் என்பார்கள். வனத்துறையைக் கேட்டால் வருவாய்த்துறையிடம் போகச் சொல்வார்கள். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. அந்த வருஷம் பிறந்த குழந்தை இன்று ஓட்டுப் போடுகிறது. அதன் பாட்டிக்குப் பட்டா இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

யானைமேல் எனக்குக் கோபமில்லை. ஒரு டீக்கடைப் பெஞ்சில் பெரியவர் ஒருவர் சொன்னார்: “ஆனை அதும்பாட்டுக்கு அது வழியில வருதுங்க. நம்மளுக்குத்தானுங்க போக்கிடம் இல்லை.” அதன் வழியில் சொகுசு விடுதியும் மனைப்பிரிவும் மின்வேலியும் வந்தது அதற்கு யார் சொல்லித் தெரியும்? செம்மண் அள்ளிய குழிகளைப் பற்றி உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்குப் போயிருக்கிறது. அந்தக் குழிகளை யானை வெட்டவில்லை.

ஊரைக் கதிகலங்க அடித்த ரோலக்ஸ் என்கிற ஆண் யானையை 2025 அக்டோபரில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். கால்நடை மருத்துவர்கள், கும்கிகள், லாரி, ஆனைமலையில் வரகளியாறு முகாம், வேளாவேளைக்குத் தீனி. அதற்கு முன்னால் 2019இல் பிடிபட்டது சின்னத்தம்பி. யானைக்கு இதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் யானைக்குப் பெயர் இருந்தது, சிகிச்சைக் குழு இருந்தது, எங்கே நிற்கிறது, என்ன தின்றது என்று தினமும் அறிக்கை வந்தது. அது மிதித்த ஆளுக்குச் செய்தியில் ‘கூலித் தொழிலாளி’ என்ற பெயர்தான். உயிரோடிருந்த காலத்தில் அவருக்கு ரத்தசோகை இருந்ததா, காசநோய் இருந்ததா, பயிருக்கு மருந்தடிக்கும்போது மூக்கில் கட்டத் துணியாவது கொடுத்தார்களா என்று ஓர் அறிக்கையும் கிடையாது.

சிறுவாணிக்கு வருவோம். உலகிலேயே சுவையில் இரண்டாவது தண்ணீர் என்று நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும் அதே சிறுவாணி. (முதலாவது எது என்று கேட்டால் எந்தக் கோயமுத்தூர்க்காரருக்கும் தெரியாது. இரண்டாவது நம்முடையது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.) அடிவாரத்தில் சுத்திகரித்துக் குழாயில் ஏறி, ஆலாந்துறை, மாதம்பட்டி, பேரூர் என்று சாலையோடு சாலையாக நகரத்துக்கு வருகிறது. அது புறப்படும் மலையடிவாரத்தில்தான் பதி என்று முடியும் பெயர்களோடு இருளர் பழங்குடி ஊர்கள் இருக்கின்றன. நகரத்தில் ஒருநாள் குழாய் வறண்டால் மாநகராட்சி அலுவலகம் முற்றுகை. பதியில் ஒருநாள் வறண்டால் அது வழக்கமான ஒரு நாள். நகரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் குடிநீரைப் பரிசோதிப்பார்கள். பதியில் வந்தால் தாய்க்குக் கைகழுவும் விழிப்புணர்வு கொடுப்பார்கள். எந்தத் தண்ணீரில் கழுவுவது என்பது பயிற்சிக் கையேட்டில் இருக்காது.

இனி பாராட்டு. தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் வந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை, நல்ல திட்டம். நாட்டில் முதன்முதலாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று விரிவான சட்டம் போட்டது 1939இல் அன்றைய சென்னை மாகாணம். மருந்து கொள்முதலில் திருட்டைத் தடுக்கத் தனிக் கழகம் கண்டது தமிழ்நாடு. குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் கண்ட இடங்களைப் பற்றி 2011இல் லண்டனில் ஒரு புத்தகம் போட்டபோது அதில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் கிடைத்தது. எரிச்சலே இதனால்தான். கையாலாகாத அரசு என்றால் பரிதாபப்பட்டுவிட்டுப் போகலாம். இது வேலை தெரிந்த அரசு. மாத்திரையை மலையேற்றத் தெரிந்தவர்களுக்குக் குழாயை ஏற்றத் தெரியாதா? தெரியும். மாத்திரை கொடுத்தால் யாரையும் பகைக்க வேண்டியதில்லை. பட்டாவும் தண்ணீரும் கொடுக்கவேண்டுமென்றால் யாரையாவது பகைக்கவேண்டும்.

யாரைப் பகைக்க மாட்டார்கள் என்று பார்க்க அதிக தூரம் போகவேண்டாம். இதே மாவட்டத்தில், மேட்டுப்பாளையம் நடூரில், 2019 டிசம்பர் 2 விடிகாலை. மழையில் ஒரு பணக்கார வீட்டின் மதில் கீழே இருந்த ஓட்டு வீடுகள்மேல் விழுந்தது. 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். அத்தனை பேரும் அருந்ததியர். ஆள் உயரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்த அந்தச் சுவரைத் திருடனுக்குப் பயந்து கட்டினார்களா, கீழே இருந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று கட்டினார்களா என்று ஊரே கேட்டது. மருத்துவமனை வாசலில் நியாயம் கேட்டவர்களுக்குத் தடியடி கிடைத்தது. படிவம் 4இன் மொழியில் சொன்னால், உடனடிக் காரணம் இடிபாட்டில் மூச்சுத்திணறல், அடுத்த காரணம் கனமழை. அதற்கும் கீழே சாதி என்று எழுத எந்த டாக்டருக்குக் கை வரும்? எழுதினாலும் அந்த நோய்க்குச் சர்வதேசக் குறியீட்டு எண் இல்லை.

எழுதிய டாக்டர் ஒருவர் இருந்தார். 1848இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் வந்தபோது பிரஷ்ய அரசு ருடால்ஃப் விர்ஷோவ் என்ற 26 வயதுப் பையனை அனுப்பியது. மருந்துப் பட்டியலோடு வருவான் என்று பார்த்தால், பள்ளிக்கூடம் கட்டு, சாலை போடு, மக்களைத் தாங்களே ஆளவிடு என்று எழுதிக்கொண்டு வந்தான். அடுத்த வருஷமே பெர்லினில் அவன் பதவிக்கு ஆபத்து வந்தது. நம்மூர் டாக்டர்கள் வரலாறு படித்தவர்கள், யானை என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பொறுப்பேற்க ஓர் அதிகாரி கிடைக்காதபோது கோவையில் அம்மனிடம் ஒப்படைப்பதுதான் மரபு. பிளேக் வந்த காலத்தில் பிளேக் மாரியம்மன் வந்தாள். தினசரித் தொற்றில் சென்னையையே நாம் முந்திய 2021 மே மாதத்தில் இருகூரில் கொரோனா தேவியைப் பிரதிஷ்டை செய்தார்கள். அம்மனிடம் ஒரு வசதி, தணிக்கை அறிக்கை கேட்கமாட்டாள்.

வருமானத்துக்கு மட்டும் அரசு அம்மனை நம்புவதில்லை, அதற்கு டாஸ்மாக் இருக்கிறது. 2024-25இல் மதுவிலிருந்து அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். 2025-26 பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி. ஒரு கையால் ஈரலைக் கெடுத்து வாங்கியதில் பாதியைக்கூட மறுகையால் உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. இதற்கு நடுவில் காட்டுக்குள் வீசிய பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்று நீலகிரி தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட்டது. அதற்கப்புறம் ஒரு திட்டம் வந்து நம் மாவட்டத்துக்கும் இறங்கியது: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தருவார்கள். பாட்டில் உடையாமல், ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கவேண்டும். குடித்தவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கவுன்டரில் கேட்கமாட்டார்கள்.