முதல் போணிக்காரர்

அவர் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரருக்கு முகம் மலரும். அவர் கடைப்பக்கம் போனார் என்று கேள்விப்பட்டால் வீட்டில் வயிறு கலங்கும். படம் காட்டும் கருவி எது புதிதாக வந்தாலும் ஊரில் முதல் போணி அவர்தான். விலை இறங்கட்டும், குறை தீரட்டும், நாலு பேர் வாங்கிப் பார்த்துச் சொல்லட்டும் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. அந்த நாலு பேருமே அவர்தானே!

நங்கநல்லூரிலும் இருப்பார், திருச்சி தில்லைநகரிலும் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ கௌரவமான வேலை பார்த்து ஓய்வு பெற்றிருப்பார். ஊதாரி என்று நினைத்துவிடக் கூடாது. காய்கறிக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டு, அது போதாதென்று கொத்தமல்லியும் கொசுறு வாங்குவார். ஆனால் ஓர் அட்டைப்பெட்டியின் மூலையில் ‘புதியது’ என்ற நட்சத்திர முத்திரை தெரிந்துவிட்டால் போதும், பர்ஸ் தானாகத் திறந்துகொள்ளும்.

அந்தப் பெட்டியை அவர் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். டேப் ஒட்டிய கோட்டிலேயே பேப்பர் கட்டரால் கீறி, தெர்மகோலின் முனை உடையாமல் உருவி, ஒயர் கட்டியிருந்த குட்டிக் கம்பியைக்கூட எடுத்துவைப்பார். சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்குத் தனி டப்பா. ரிமோட்டை மட்டும் கடைசிவரை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுக்க விடமாட்டார். ஒரு வருடத்தில் அந்த உறை மங்கி, எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாமல் வீடே குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டிருக்கும். காலிப் பெட்டிகள் பரணுக்குப் போகும். அவருடைய பரணைக் கீழிருந்து மேலாகப் பிரித்துப் பார்த்தால் அரை நூற்றாண்டுத் தொழில்நுட்ப வரலாறு அடுக்கடுக்காகக் கிடைக்கும்.

அடித்தளத்தில் கிடப்பது பீட்டாமேக்ஸ். எண்பதுகளில் ஊரே டெக் வாடகைக்கு எடுத்து, ராத்திரிக்கு மூன்று படம் என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டிருந்தது. போணிக்காரர் சொந்தமாகவே ஒன்று வாங்கினார். 1975-இல் சோனி கொண்டுவந்த பீட்டா, மறுவருடம் ஜே.வி.சி. விட்ட வி.எச்.எஸ்ஸைக் காட்டிலும் படத்தெளிவில் ஒரு பிடி மேல் என்று அன்றும் சொன்னார், இன்றும் கேட்டால் சொல்வார். தெருமுனை வீடியோ கடையில் இருந்ததெல்லாம் வி.எச்.எஸ். கேசட். அது பீட்டா டெக்குக்குள் நுழையாது. 1988-இல் சோனியே வேறு வழியில்லாமல் வி.எச்.எஸ். டெக் தயாரிக்க இறங்கியது. போணிக்காரர் இறங்கவில்லை.

அதற்கு மேல் சிங்கப்பூரிலிருந்து வந்த லேசர் டிஸ்க். 12 அங்குலத் தட்டு. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம்தான். கதாநாயகன் அழுதுகொண்டிருக்கும்போது எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். ‘வீட்டுலயே இடைவேளை விடறான் பாருங்க’ என்று அதையும் ஒரு வசதியாகவே எடுத்துச் சொன்னார். வி.சி.டி. வந்தபோது மட்டும் அவர் வாங்கவில்லை. 352-க்கு 288 புள்ளி என்பதைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். தமிழ்நாடு மொத்தமும் வாங்கிய ஒன்றை அவர் வாங்காமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

2006-இல்தான் அவருடைய மகாயுத்தம் ஆரம்பமானது. டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். தட்டின் ஓர் அடுக்கில் 4.7 ஜிபி அடங்கும். அதை 405 நானோமீட்டர் நீல ஊதா லேசராக மாற்றினால் கதிரை இன்னும் கூர்மையாகக் குவிக்கலாம், புள்ளிகளை இன்னும் நெருக்கலாம், ஹை-டெஃபினிஷன் படம் முழுதாக ஒரு தட்டில் அடங்கிவிடும். இதுவரை எல்லோருக்கும் சம்மதம். தட்டை எப்படிச் செய்வது என்பதில்தான் வெட்டுக்குத்து. தோஷிபா எச்.டி. டிவிடி என்றது, அடுக்குக்கு 15 ஜிபி. சோனி கூட்டணி ப்ளூ-ரே என்றது, அடுக்குக்கு 25. ஒருவர் தட்டு மற்றவர் கருவியில் ஓடாது. ஹாலிவுட் ஸ்டுடியோக்களும் கட்சி பிரிந்து நின்றன.

அமெரிக்காவில் ஏப்ரலில் தோஷிபாவின் முதல் கருவி 499 டாலருக்கு வந்தது. ஜூனில் சாம்சங்கின் ப்ளூ-ரே கருவி 999 டாலர். போணிக்காரர் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினார். விலை பாதி. தவிர, ப்ளூ-ரேக்காரர்கள் உலகத்தை மூன்று மண்டலமாகக் கூறுபோட்டிருந்தார்கள். அமெரிக்கா ‘ஏ’. இந்தியா, சீனா, ரஷ்யாவோடு சேர்ந்து ‘சி’. அங்கே வாங்கும் தட்டு இங்கே ஓடுமோ ஓடாதோ. எச்.டி. டிவிடியில் இந்த மண்டலத் தீண்டாமை கிடையாது. நியூ ஜெர்சியில் மைத்துனர் வைத்திருப்பவர் வேறெதை வாங்குவார்? தோற்கப்போகும் கட்சியில் சேருவதற்கு இவ்வளவு நியாயமான காரணங்கள் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

மைத்துனர் ஊருக்குப் புறப்படும் முன் போன் செய்தார். “அத்தான், பெட்டியில இடமே இல்ல. அக்காவுக்கு வாங்கின பாத்திர செட்டை எடுத்தாத்தான் இதை வைக்க முடியும்.”

“எடுத்துடு.”

யோசிக்க ஒரு விநாடி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பாத்திர செட் இன்றுவரை அந்த வீட்டில் அவ்வப்போது பேச்சில் வரும்.

வந்த கருவி அமெரிக்க மின்சாரத்துக்கானது, 120 வோல்ட். நம் சுவரில் வருவது 230. ரிச்சி தெருவில் ஏறி இறங்கி ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவந்தார். அது ‘ம்ம்ம்’ என்று விடாமல் முனகும். சண்டைக் காட்சியில் தெரியாது, காதல் காட்சியில் காதைத் துளைக்கும். கருவிக்குள் இருந்தது சாட்சாத் பென்டியம் 4 கம்ப்யூட்டர். பொத்தானை அழுத்தினால் கண்விழித்து எழுந்து வர ஒரு நிமிடம்போல் ஆகும். விருந்தாளிகள் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். “லினக்ஸ் பூட் ஆகுது” என்று போணிக்காரர் அந்த இடைவெளியைப் பெருமிதத்தோடு நிரப்புவார். டிவியும் புதிதாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. 40 அங்குல எல்.சி.டி., ‘எச்.டி. ரெடி’ என்று ஸ்டிக்கர் ஒட்டியது. 1,920-க்கு 1,080 புள்ளியில் புறப்பட்ட படம், அந்த டிவியின் 1,366-க்கு 768-இல் வந்து அடங்கியது. ‘ரெடி’ என்றால் தயார் என்று அர்த்தமே தவிர, வந்தாயிற்று என்று அர்த்தமில்லை என்பதை விற்றவர் சொல்லவில்லை.

போணிக்காரர் படம் பார்ப்பவர் அல்ல என்பது அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். அவர் பார்ப்பது தெளிவை மட்டுமே. பி.பி.சி.யின் ‘பிளானட் எர்த்’ 2007-இல் எச்.டி. டிவிடியாக வந்ததும், மைத்துனருக்கு அடுத்த போன் பறந்தது. அதில் பாகிஸ்தான் மலையில் பனிச்சிறுத்தை ஒரு காட்டாட்டைத் துரத்தும் காட்சி உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும் அதுதான். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், யாரும் தப்பவில்லை. சிறுத்தை சரிவில் பாயும். ஆடு தலைதெறிக்க ஓடும். சரியாக அந்த இடத்தில் போணிக்காரர் நிறுத்துவார். எழுந்துபோய்த் திரையில் விரல் வைத்து, “மீசை முடி ஒண்ணொண்ணா எண்ணலாம் பாருங்க” என்பார். பிறகு ஆடியோ அமைப்பு, பிறகு கேபிள், பிறகு காபி. மிச்சக் காட்சியை யாரும் பார்த்ததில்லை. அவருடைய அம்மா மட்டும் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “ஏண்டா, அந்த ஆடு தப்பிச்சுதா இல்லையா? அதைச் சொல்லு முதல்ல” என்று கேட்டேவிட்டார். “மறுபடி போடறேன் இரும்மா” என்று ஆரம்பத்திலிருந்து போட்டு, அதே மீசையில் நிறுத்தினார்.

அதே 2007-இல்தான் மோசர் பேர் நிறுவனம் இங்கே வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கடைகளில் கொண்டுவந்து குவித்தது. தெருவே பை நிறையத் தமிழ்ப்படம் வாங்கிவந்து சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தது. போணிக்காரரிடம் ஒரு தமிழ்ப்படம்கூட இல்லை, பனிச்சிறுத்தை இருந்தது. இந்த மாதிரிக் கருவி வாங்கலாமா, பொறுக்கலாமா என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான். லேசர் அலைநீளம், எந்தக் கூட்டணியில் எத்தனை ஸ்டுடியோ என்பதெல்லாம் அப்புறம். இன்றைக்கு ராத்திரி போட்டுப் பார்க்க நமக்குப் பிடித்தது அதில் என்ன இருக்கிறது? மீசைதான் இருக்கிறது என்றால் பொறுப்பது உத்தமம்.

நவம்பரில் அமெரிக்க வால்மார்ட், தோஷிபாவின் அடுத்த மாடலை 98 டாலர் 87 சென்டுக்குத் தள்ளியது. போணிக்காரர் துள்ளிக் குதித்தார். “இனிமே சோனி எழுந்திருக்கவே முடியாது.” விலை இப்படிச் சரிவது எதற்கு அறிகுறி என்று வீட்டம்மாவுக்குப் புரிந்தது; ஆடி மாதம் துணிக்கடைக்குப் போய்வருபவர் அவர். 2008 ஜனவரி 4-ஆம் தேதி, வார்னர் பிரதர்ஸ் இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், வால்மார்ட் என்று வரிசையாகக் கைவிட்டன. 19-ஆம் தேதி தோஷிபாவே கடையைக் கட்டியது. பெஸ்ட் பை என்ற அமெரிக்கக் கடை, தன்னிடம் எச்.டி. டிவிடி கருவி வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை கொடுத்துத் தேற்றியது. மைத்துனர் வாங்கியிருந்தது வேறு கடை.

துக்கம் விசாரிக்க முதலில் வந்தவர் எதிர்வீட்டு சார். இவர் இன்னொரு ஜாதி: பொறுத்திருப்பவர். டிவிடி வந்தபோது ‘நீல லேசர் வரப்போவுதாம், பொறுங்க’ என்றவர். நீல லேசர் வந்தபோது ‘ரெண்டுல ஒண்ணு ஜெயிக்கட்டும்’ என்றவர். வீட்டில் இன்னமும் 21 அங்குல டயனோரா. “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று உட்கார்ந்தார். போணிக்காரர் அசரவில்லை. “சார், 499-க்கு நான் வாங்காட்டி 98-க்கு அது இறங்கியிருக்குமா?” என்றார். நியாயம்தான். எவரெட் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1962-இல் எழுதிய புத்தகத்தில், எந்தப் புதுமையையும் முதலில் தழுவுகிறவர்கள் 100-க்கு 2.5 பேர், கடைசிவரை தள்ளிப்போடுகிறவர்கள் 16 பேர் என்று கணக்குப் போட்டிருக்கிறார். முன்னவர் கைக்காசில்தான் பின்னவர் தள்ளுபடி வாங்குகிறார். ஆனால் எதிர்வீட்டு சார் அந்தத் தள்ளுபடியிலும் வாங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ப்ளூ-ரேயில் முந்தியவர்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. முதல் வரிசையில் வந்த ‘தி ஃபிஃப்த் எலிமென்ட்’ தட்டின் படம் திருப்தியில்லை என்று எல்லோரும் குறை சொல்ல, மறுவருடமே புதிதாக்கி வெளியிட வேண்டியதாயிற்று. திரைக்குள் சின்னத் திரை காட்டும் வசதி பின்னால் வந்தபோது, முதலில் வாங்கியவர்களின் பல கருவிகளுக்கு அது எட்டவில்லை. உண்மையில் ஜெயித்தது பக்கத்துத் தெருக் கல்லூரிப் பையன். 2007-இல் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 3-ஐ, சுமார் 40,000 ரூபாய்க்கு, கார் பந்தயம் விளையாட அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கினான். அதற்குள் ப்ளூ-ரே இருந்தது அவனுக்கு லட்சியமே இல்லை. சாஃப்ட்வேர் அப்டேட்டிலேயே அது புது வசதிகளை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டது. 2010-இல் முப்பரிமாணப் படம்கூட ஓடியது. போணிக்காரர் நோட்டில் கோடு போட்டு எழுதிய எதையும் அவன் எழுதிப் பார்த்ததில்லை.

முப்பரிமாணம் என்றதும் ஞாபகம் வருகிறது, அதற்கும் முதல் போணி இவர்தான். கண்ணாடி இரண்டு, வீட்டில் ஐந்து பேர். முறைவைத்துப் பார்த்தார்கள். 2017-இல் எல்ஜியும் சோனியும் முப்பரிமாண டிவியைக் கைவிட்டபோது அந்தக் கண்ணாடிகளும் பரணேறின. நடுவில் ஒரு வளைந்த டிவியும் வந்தது. அதைச் சுவரில் மாட்ட வந்த பையன் வெகுநேரம் அளவு எடுத்துக்கொண்டே இருந்தான்.

ஓ.டி.டி. காலத்தில் அவர் கொஞ்சம் தனித்துப்போனார். மொபைலைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் படம் பார்ப்பவர்களை இரக்கத்தோடு பார்ப்பார். 4கே ப்ளூ-ரே தட்டில் விநாடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல்கூடப் பாய முடியும், நெட்ஃபிளிக்ஸ் 4கே-க்குப் போதும் என்று கேட்பதே 15 மெகாபிட்தான் என்று புள்ளிவிவரம் சொல்வார். கணக்கு சரி. ஆனால் அவருடைய சோபா டிவியிலிருந்து 12 அடி தள்ளி இருக்கிறது. 40 அங்குலத் திரையில் 1,080 கோட்டுப் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் நல்ல கண் பிரித்தறிய வேண்டுமானால் ஐந்தடிக்குள் உட்கார வேண்டும். நல்ல கண்ணுக்கே இந்தக் கணக்கு. அவருக்கோ இரண்டு கண்ணிலும் புரை.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய அன்று அவர் ஆடிய ஆட்டம் சொல்லி மாளாது. புரை விழுந்த கண் மஞ்சளாகவும் மங்கலாகவும் காட்டும், நீலத்தைத் தின்றுவிடும். லென்ஸ் மாற்றிய கண்ணில் நீலம் கொட்டுகிறது. ஒரு கண்ணைப் பொத்தி, மறு கண்ணைப் பொத்தி, “இது பழைய மாடல், இது புது மாடல்” என்று சுவர், வேட்டி, காலண்டர் எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் தீர்த்தார். வாழ்க்கையிலேயே சிறந்த ஹை-டெஃபினிஷன் கைக்கு வந்தும், வீட்டுக்கு வருபவர்களுக்கு அதைப் போட்டுக்காட்ட வழியில்லையே என்பது ஒன்றுதான் குறை. பிறகு டிவியைப் போட்டார். நடிகர்கள் எல்லோரும் நீலம் பாரித்திருந்தார்கள். “பேனல் போயிடுச்சு, மெக்கானிக்கைக் கூப்பிடு” என்றார்.

“பேனல் போகல, மூணு வருஷமா நீங்கதான் நீலத்தை ஏத்தி ஏத்தி வெச்சீங்க,” என்றார் மனைவி. “நாங்க சொன்னா, உங்களுக்குக் கலர் தெரியாதுன்னீங்க.”

இடது கண்ணுக்குத் தேதி குறிக்கப் போனபோது மனைவியும் கூடவே போனார். டாக்டர், போன தடவை வைத்த அதே லென்ஸ்தானே என்று கேட்டபடி எழுத ஆரம்பித்தார். போணிக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு முன்னால் நகர்ந்தார்.

“ஒரு நிமிஷம் டாக்டர். இந்த ஆறு மாசத்துல புதுசா ஏதாவது வந்திருக்கா?”

“வந்திருக்கு சார். ஆனா இன்னும் நாங்க நிறையப் பேருக்கு வெச்சுப் பார்க்கல...”

“அதையே எழுதுங்க” என்றார் போணிக்காரர். மனைவி டாக்டர் கையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டார்.