தள்ளுபடி உபாசகர்

உலோபிகளை நாடக மேடையிலும் கதைகளிலும் வேண்டிய மட்டும் பரிகசித்தாகிவிட்டது. ஆனால் உலோபிக்கு நேர் விரோதியாக, கையிலுள்ள பணத்தை ஓயாமல் செலவழித்துக்கொண்டே, செலவழித்த ஒவ்வொரு தடவையும் இன்ன தொகை மிச்சம் பிடித்தேன் என்று பூரித்துப்போகிற ஒரு தினுசு மனிதர் நம்மிடையே பெருகி வருவதை யாரும் தக்க மரியாதையோடு கவனித்ததாகத் தெரியவில்லை. உலோபி வாங்கமாட்டான், இவர் வாங்காமல் இருக்கமாட்டார். தள்ளுபடி உபாசகர் என்று இவரை அழைப்பதே பொருத்தம். எல்லா ஊரிலும் வாசம் செய்கிறவர்தாம் என்றாலும், எனக்கு இவருடைய தரிசனம் கிட்டியது கிருஷ்ணன்கோவிலில்.

மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால், வத்திராயிருப்புக்குப் பாதை பிரிகிற இடத்தில் இருக்கும் இந்த ஊர், 1984இல் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி ஏற்பட்டது முதல் மாணவர் பட்டணமாக மாறிவிட்டபடியால், இங்குள்ள கடைகளில் நூடுல்ஸும் குளிர்பானமும் வரிசை வரிசையாக நிற்கின்றனவே ஒழிய, குடும்பஸ்தனுக்கு வேண்டிய போட்டியும் பேரமும் இல்லை என்பது உபாசகரின் தீர்மானமான அபிப்பிராயம். ஆகவே அவருடைய மளிகை ஓர் ஊருக்குள் அடங்குவதில்லை. பருப்புக்கும் வற்றலுக்கும் விருதுநகர், அரிசிக்கு வத்திராயிருப்பு, காய்கறிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் உழவர் சந்தை, சோப்பு வகையறாவுக்கு ராஜபாளையத்து சூப்பர் மார்க்கெட், லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலுக்கும் கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்புக்கும் உள்ளூர் ரேஷன் கடை. திவ்யதேச யாத்திரை புறப்பட்டவர்கள்கூட வடபத்ரசாயியையும் ஆண்டாளையும் சேவித்த பிறகு ஒரு நாழிகை இளைப்பாறுவார்கள். இவருக்கு இளைப்பாறுதல் என்பது அடுத்த ஊர்ச் சலுகை முடியும் தேதியைச் சரிபார்ப்பதுதான்.

அவருடைய பாண்டித்தியத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. சிப்பத்தில் அடைத்து முத்திரையிட்ட அரிசி 25 கிலோ வரையில் இருந்தால் 5 சதவீத வரி, அதற்கு மேற்பட்டால் வரியில்லை என்று 2022 ஜூலை 18ஆம் தேதி ஏற்பாடு வந்ததும், வியாபாரிகள் 26 கிலோ சிப்பம் என்ற புது அவதாரத்தை உண்டாக்கினார்கள் அல்லவா? அந்த இருபத்தாறாவது கிலோவின் தத்துவத்தை நம் உபாசகர் விவரிக்கும்போது கேட்பவருக்கு மெய்சிலிர்க்கும். பெரிய புட்டியாக வாங்கினால்தான் லாபம் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்க, பல ஷாம்புகளில் மில்லி கணக்குப் பார்த்தால் ஒரு ரூபாய் பாக்கெட்தான் மலிவு என்பதைக் கண்டுபிடித்து, குளியலறையில் ஆணி அடித்துச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் விலை மாறாமலே எடையில் எப்படித் தேய்கிறது என்பதை, கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு, உறையின் மூலையில் எறும்பு எழுத்தில் அச்சிட்ட கிராம் கணக்கிலிருந்து ருசுப்படுத்துவார். கேட்கிற குழந்தைக்குப் பிஸ்கட் மட்டும் கிடைப்பதில்லை.

2025 செப்டம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவருடைய வைராக்கியம் பூரணமாக வெளிப்பட்டது அப்போதுதான். சோப்பு, பற்பசை, தலையெண்ணெய் இவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கும் என்ற செய்தி அம்மாதம் 3ஆம் தேதி வெளிவந்தது. அமலுக்கு வந்ததோ 22ஆம் தேதி. இடைப்பட்ட நாட்களில் அவர் வீட்டில் பற்பசைக் குழாய் கத்தரிக்கோலால் நெடுக வகிரப்பட்டது, அதன்பின் உப்பு, அதன்பின் வேப்பங்குச்சி. 22ஆம் தேதி காலையில் கடை திறக்குமுன் படியில் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவரே. வென்ற தொகையை நான் கேட்டேன். அவர் சொல்லவும் செய்தார். அதை இங்கே எழுதி அவர் சந்தோஷத்தைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வித்தையில் அவருக்குப் பாலபாடம் ஷாம்பு உறையிலேதான் ஆரம்பம். கடலூரில் 1983இல் தோன்றிய சிக் ஷாம்புக் கம்பெனி, எந்தக் கம்பெனியின் காலி உறைகளைக் கொண்டுவந்தாலும் ஒரு பாக்கெட் இலவசம் என்று ஒரு காலத்தில் அறிவித்தது. பிற்பாடு, தன்னுடைய உறைகள் மட்டுமே செல்லும் என்று மாற்றிக்கொண்டது. வியாபார நூல்களில் இதை மகா சாமர்த்தியமான உபாயமாகப் புகழ்கிறார்கள். அன்று சிறுவனாக இருந்த உபாசகர், ஊரெல்லாம் பொறுக்கிய அந்நிய உறைகளை ஒரு தகர டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்த சமயத்தில் விதி மாறிவிட்டதால், அதை இன்றுவரை நம்பிக்கைத் துரோகமாகவே கருதுகிறார்.

சூப்பர் மார்க்கெட்டில் அவரைப் பார்ப்பது ஒரு காட்சி. 999 ரூபாய்க்கு மேல் வாங்கினால் சர்க்கரை பாதி விலை என்று நாளிதழுக்குள் செருகி வந்த துண்டுத்தாளைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். பில்லோ 961இல் நின்றுவிடும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க, அவர் நிதானமாகத் திரும்பிப் போய் நாப்தலின் உருண்டை எடுத்து வருவார். அவ்வீட்டில் இருக்கும் நாப்தலின் உருண்டைகளால் ஒரு ஜவுளிக்கடையையே காபந்து செய்யலாம்.

இத்தனைக்கும் உள்ளூர் அண்ணாச்சியை அவர் கைவிட்டவரல்லர். விலையை அங்கே விசாரிப்பார், வேறிடத்தில் வாங்குவார், கறிவேப்பிலை மட்டும் அங்கே பெறுவார்.

“அண்ணாச்சி, உளுந்தம் பருப்பு எப்படி?”

“சார் நேத்து விருதுநகர்ல வாங்குனதைவிட ரெண்டு ரூவா கூடத்தான். கறிவேப்பிலை எடுத்துக்கிடுங்க சார்.”

பற்று நோட்டில் பெயர் எழுதி, மாசம் பிறந்ததும் தீர்க்கிற வாடிக்கைக்காரருக்கு உரிய கொசுறு அது. வாடிக்கை இல்லாதவருக்கும் அதைக் கொடுக்கிற அண்ணாச்சியின் பெருந்தன்மையை உபாசகர் தம்முடைய பேரத்திறமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய சித்தாந்தத்துக்கு முதல் சோதனை வந்தது அவருடைய கணக்கிலிருந்தேதான். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆயிற்று. தாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வரும் பஸ் காசைக் கத்தரிக்காயின் மீது ஏற்றிப் பார்த்த உபாசகர், சந்தைக்கு மனைவியை அனுப்புவதே உத்தமம் என்றும், துணைக்குத் தாமும் போனால் லாபம் முழுவதும் டிக்கெட்டில் கரைந்துவிடும் என்றும் கண்டு, வீட்டிலேயே தங்கினார். அந்த அம்மாளோ, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகத் தனியே கடைவீதிக்குப் போனவர், அக்கம்பக்கத்துப் பெண்களோடு கிளம்பி, கோயிலுக்குப் போய், சாவகாசமாகப் பலகாரம் சாப்பிட்டு, எந்தக் கடை முன்னால் நின்றாரோ அந்தக் கடையிலேயே, சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு உச்சிவேளையில் திரும்புகிறார்.

“கத்தரிக்காய் கிலோ எவ்வளவு?”

“பலகையில எழுதிப் போட்டிருந்துச்சுங்க. நான் பார்க்கலை.”

“இது என்ன பொட்டலம்?”

“பால்கோவா. அரைக் கிலோ.”

2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்துக்கு ஆடியிலும் தள்ளுபடி கிடையாது. ஆகையால் அவர் சாஸ்திரத்தில் அது விலக்கப்பட்ட வஸ்து. தம் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எந்தக் கலத்தில் எழுதுவதென்று வெகுநேரம் யோசித்தவர், கடைசியில் ‘பஸ் கட்டணம் மிச்சம்’ என்று மட்டும் எழுதி மூடிவிட்டு, இன்னொரு கரண்டி போடச் சொன்னார்.