ஆறு கிலோ பெட்டிக்குள் ஒரு கிலோ கேமரா

விமான நிலையத்தில் கல்யாண போட்டோகிராபரைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டாம். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போது, ஏகப்பட்ட பாக்கெட் வைத்த தடித்த ஜாக்கெட்டுக்குள் வியர்த்து வழிந்துகொண்டு ஒருவர் நிற்பார். அவர்தான். ஜாக்கெட் குளிருக்காக அல்ல. பாக்கெட்டுக்கு ஒரு லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது. தராசில் ஏறுவது பைதானே, ஆள் இல்லையே!

இந்த வேஷத்துக்கெல்லாம் காரணம் ஓர் எண்: 7 கிலோ. உள்நாட்டு விமானங்களில் ஹேண்ட் லக்கேஜுக்குப் பெரும்பாலும் அவ்வளவுதான். கானன் இஎஃப் 70-200 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு லென்ஸ் மட்டுமே 1,490 கிராம். நிக்கான் டி850 பாட்டரியோடு ஒரு கிலோ. அதிலும் ஒரு கேமரா போதாது. முகூர்த்த நேரத்தில் அது மக்கர் செய்தால், மாப்பிள்ளையிடம் இன்னொரு முறை தாலி கட்டச் சொல்ல முடியாது. இரண்டு கேமரா, மூன்று லென்ஸ், ஃபிளாஷ், லேப்டாப், சார்ஜர் என்று அடுக்கினால் மாற்றுச் சட்டைக்கு இடமே இல்லை.

“நல்ல கெட்டிப் பெட்டியா வாங்குங்க சார்” என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். வாங்கலாம். பெலிகன் 1510 என்று ஒரு பெட்டி இருக்கிறது. கேபின் அளவுக்கென்றே செய்தது. தண்ணீர் புகாது, காற்றழுத்தத்தைச் சமன்செய்ய வால்வுகூட உண்டு. உள்ளே ஃபோமோடு வெறும் பெட்டியின் எடை 6 கிலோவுக்கு மேல். மிச்சம் இருக்கும் ஒரு கிலோவுக்கும் குறைவான இடத்தில் டி850 கூட ஏறாது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

செக்-இன்னில் போட்டுவிடலாமா? கண்ணாடிக் கிண்ணம் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டித் தருவார்கள்; பெட்டியைத் தூக்குபவர் அதைப் படித்துவிட்டுத்தான் தூக்குவார் என்பது நம் நம்பிக்கை. 2008-ல் கனடாவின் பாடகர் டேவ் கரோல் சிகாகோவில் விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது, கிடார்களைக் கீழே வீசுகிறார்கள் என்று சக பயணி ஒருவர் கத்தினார். 3,500 டாலர் கிடார் உடைந்தது. மாதக்கணக்கில் மன்றாடியும் இழப்பீடு வராததால் 2009-ல் அதையே பாட்டாக்கி யூடியூபில் போட்டார், உலகமே கேட்டது. கிடார் உடைந்தால் பாடலாம். லென்ஸ் உடைந்தால் எதை வைத்துப் படம் எடுப்பது?

அரசாங்கமே கேமராவைச் செக்-இன்னுக்குத் துரத்திய காலமும் உண்டு. 2017 மார்ச்சில் துபாய், தோஹா, இஸ்தான்புல் உள்ளிட்ட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேராகப் பறப்பவர்கள் செல்போனைவிடப் பெரிய எந்த மின்னணுச் சாதனத்தையும் கேபினுக்குள் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போனவர்களும் இதில் அடக்கம். உதிரி லித்தியம் பாட்டரிக்கோ விதி நேர் எதிர்: தீப்பிடிக்கும் என்பதால் அது செக்-இன்னில் போகவே கூடாது. ஆக, கேமரா கீழே, அதன் பாட்டரி மேலே! ஜூலையில்தான் அந்தத் தடை முழுதாக விலகியது.

இதற்கெல்லாம் மலிவான மருந்து ஒன்று இருக்கிறது, கழுத்து. கைப்பை தவிர என்னென்ன கொண்டுபோகலாம் என்று நம் நாட்டு விமான நிறுவனங்கள் பல போடும் பட்டியலில், குடை, கைத்தடி, கம்பளியோடு கேமராவும் உண்டு. கனமான கேமராவை மாட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போகலாம். முகத்தில் மட்டும் சுமை தெரியக் கூடாது. பைக்குள் போகிற கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி, இரண்டுக்கும் மூடி போட்டுத் தனித்தனியாக வைப்பது நல்லது. பூட்டியே வைத்தால், இடிபடும்போது அடி முழுதும் மவுண்டில் விழும். டிரைபாடை வேட்டியில் சுருட்டிச் செக்-இன்னில் போடலாம், அது தாங்கும். கல்யாணம் முழுக்க அடங்கிய மெமரி கார்டு சட்டைப் பையை விட்டு இறங்கவே கூடாது.

அப்படியும் வெளிநாட்டுப் பயணத்தில் செக்-இன் பெட்டியில் ஏதாவது உடைந்தால், மான்ட்ரியல் ஒப்பந்தப்படி 7 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் கொடுத்தாக வேண்டும். இழப்பீட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. ஏறத்தாழ 2,000 டாலர், ஒரு நல்ல லென்ஸின் விலை. ஆகவே பெட்டி பெல்ட்டில் வந்ததும் அங்கேயே திறந்து பாருங்கள். டாக்ஸிக்காரர் கொஞ்சம் காத்திருக்கட்டும்.