இணையப் பிரிட்ஜுக்கு எத்தனை அறிவு? பிள்ளைப்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

உயிர்களை அறிவின் கணக்கால் அடுக்கிய தொல்காப்பியர், புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு ஒன்றை மட்டும் கொடுத்தார். நத்தைக்கு நாக்கு, எறும்புக்கு மூக்கு, நண்டுக்குக் கண், விலங்குக்குச் செவி என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், மனிதருக்கு மனத்தை ஆறாவதாகச் சேர்த்து மரபியலில் கணக்கை முடித்துவிட்டார். பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அந்தப் பட்டியலில் விடுபட்டுள்ளன. உரையாசிரியர்களும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இக்குறையை நீக்கும் கடமை பிள்ளைப்பாக்கம் வட்டாரத்துக்கே உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு. சிப்காட் வளாகங்கள் சூழ்ந்த இந்தப் பகுதியில், பெங்களூர் நெடுஞ்சாலையிலுள்ள சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் டிவியும் பிறக்கின்றன. பிறந்த இடத்தில் சாதகம் கணிப்பதுதானே முறை?

முதலில் சான்றுகள். தொட்டால் உணரும் திரை இருப்பதால் ஓரறிவு உறுதி. 2016-இல் அறிமுகமான சாம்சங் பிரிட்ஜ் ஒன்றில் உள்ளே கேமரா வைத்தார்கள். கடையில் நின்றபடியே வீட்டில் எத்தனை முட்டை மிச்சம் என்று போனில் பார்க்கலாம். ஆகவே கண் உண்டு. பேச்சைக் கேட்டு நடப்பதால் செவியும் உண்டு. நாக்கும் மூக்கும்தான் இல்லை. இது சாதாரண விடுபாடு அன்று. சமையலறையில் காலங்காலமாக ஆட்சி செய்துவந்தவை அந்த இரண்டு புலன்கள்தான். மாவு புளித்துவிட்டதா, பால் திரிந்துவிட்டதா, முந்தாநாள் மீன்குழம்பை இன்னொரு வேளைக்கு வைக்கலாமா என்பதையெல்லாம் மூக்கு ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடும். இணையப் பிரிட்ஜோ பால் பாக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பும். திரிந்த பாலும் படத்தில் வெள்ளையாகத்தான் இருக்கும். எறும்புக்கு வாய்த்த அறிவைத் தாண்டிக் குதித்து நண்டின் கண்ணைப் பிடித்துக்கொண்ட இந்த உயிரை வரிசையில் எங்கே வைப்பது என்பது மேலாய்வுக்கு உரியது.

ஆறாவது அறிவுதான் பெருஞ்சிக்கல். மனம் இருக்கிறது, ஆனால் அது பிரிட்ஜுக்குள் இல்லை. உடம்பு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், மனம் ஏதோ ஒரு வெளிநாட்டு சர்வரில். 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் கணினிச் சேவை அமெரிக்காவில் தடுமாறியபோது, இணையக் கட்டில்கள் சில சூடேறியும் சாய்ந்த நிலையில் மாட்டிக்கொண்டும் படுத்தவர்களைப் படுத்தின. அதற்கும் முன்பே, ரிவால்வ் என்ற வீட்டுக் கருவியைச் செய்த நிறுவனத்தை நெஸ்ட் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கி, 2016 மே மாதத்தில் அதன் சேவையையே நிறுத்தியது. முழு விலை கொடுத்து வாங்கிய பெட்டிகள் ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக்காயின. ஒரகடம் பக்கம் வாடகை அறையில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. குடியிருப்பது நாம், தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் மட்டும் ஹவுஸ் ஓனர் வீட்டில். 2025-இல் அமெரிக்காவில் சாம்சங் பிரிட்ஜ் திரைகளில் விளம்பரம் காட்டத் தொடங்கினார்கள்; ஓனர் சுவரை விளம்பரத்துக்கு விட்டாயிற்று என்று கொள்க.

பூர்வபட்சக்காரர் இங்கே குறுக்கிடுவார்: ஷிப்ட் வேலைக்குப் போகிறவருக்கு இது வரமல்லவா? கம்பெனி பஸ்ஸிலிருந்தே துணி துவைக்கலாம், வீடு சேர்வதற்குள் அறையைக் குளிரவைக்கலாம், ஏசியை அணைத்தோமா என்ற சந்தேகத்தைப் பாதி வழியில் தீர்த்துக்கொள்ளலாம். ஏசி விஷயத்தை இக்கட்டுரை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறது. துணி விஷயத்தில் முடியாது. அழுக்குத் துணியைப் போடவும் பவுடர் கொட்டவும் குழாயைத் திறக்கவும் ஆள் வேண்டும். துவைத்ததைக் கொடியில் காயப்போடவும் ஆள் வேண்டும். இடையில் பொத்தானை அழுத்தும் வேலை ஒன்றுக்காகத்தான் கடல்கடந்த சர்வரும், செயலியும், மறந்துபோகும் பாஸ்வேர்டும். பல ஆலைகளில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குப் போக முடியும் என்பதால், துவைத்து முடித்த செய்தி லாக்கருக்கே போய்ச் சேரும். செயலியில் மெஷினைப் பதிவு செய்ய, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை அது ஏற்காமல் 2.4 தான் வேண்டும் என்று அடம்பிடிக்க, அரை மணி நேரம் போனால் நமக்கு அலுப்பு. சுங்குவார்சத்திரத்தில் அந்த மெஷினைச் செய்கிற சாம்சங் தொழிலாளர்களின் சங்கம் பதிவாவதற்கு 2024-இல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. பதிவுச் சான்று 2025 ஜனவரியில்தான் வந்தது.

அப்படியானால் தொலைவிலிருந்து இயக்கும் கருவி எல்லாமே வீண்தானா என்று அடுத்த மறுப்பு எழும். இல்லை, வலுவான எதிர்ச்சான்று வயலில் இருக்கிறது. போன் போட்டால் ஓடும் மோட்டார் ஸ்டார்ட்டரைத் தமிழ்நாட்டு விவசாயிகள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள்; வேளாண்மைப் பொறியியல் துறை அதற்கு மானியமும் தருகிறது. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், டார்ச் எடுத்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடக்க வேண்டியதில்லை. அதற்குக் கண் கிடையாது, திரை கிடையாது, வைஃபையும் வேண்டாம். உள்ளே ஒரு சிம் கார்டு, தெரிந்ததெல்லாம் ஓடு, நில் என்ற இரண்டு சொல். தொல்காப்பியர் கணக்கில் புல்லோடுகூட நிற்கத் தகுதியில்லாத இந்தப் பெட்டி மிச்சப்படுத்தும் நடையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட மூவறிவுப் பிரிட்ஜ் மிச்சப்படுத்துவதில்லை. அறிவு ஏறஏறப் பயன் இறங்குகிறது என்று விதி வகுக்கலாம். இணைப்பால் வரும் பயன், அந்த வேலைக்காக எழுந்து நடக்க வேண்டிய தூரத்தைப் பொறுத்தது. ஹாலிலிருந்து சமையலறை பத்தடி.

நாளைக்கு மூக்கும் நாக்கும் வைத்த பிரிட்ஜ் வந்துவிட்டால் இந்த விதி என்னாகும் என்று கேட்பவர்கள் உண்டு. வரட்டும், அந்த மூக்கும் வாடகை மூக்காகத்தான் இருக்கும், சந்தா கட்டாத மாதம் ஜலதோஷம் பிடிக்கும். அதுவரை ஒரு சிறு சீர்திருத்தம் போதும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தில் இணையும் வீட்டுச் சாதனத்துக்கு எத்தனை காலம் பாதுகாப்பு மேம்படுத்தல் தருவோம் என்பதை அறிவித்தே விற்க வேண்டும். நாமோ பிரிட்ஜின் நெற்றியில் மின்சிக்கனத்துக்கு மட்டும் நட்சத்திரம் ஒட்டுகிறோம். பக்கத்திலேயே, நெட் போனால் எதெல்லாம் ஓடும், கம்பெனி கைவிட்டால் எதெல்லாம் மிஞ்சும் என்று இரண்டு வரி அச்சடிக்கலாம். ஸ்டிக்கரில் இடம் போதாது என்று கம்பெனிகள் சொல்லக்கூடும். நட்சத்திரத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.